அழுக்கே படியாத ஃபில்டர்

நான் என்ன வேலை பார்த்தேன் என்று தெரிந்த உடனே எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். இந்த வருஷம் புனேயில் எங்கள் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவிலும் அதுவே நடந்தது. சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஐ.டி. தம்பி ஒருவர் திரும்பி, "ஆன்ட்டி, கார் ஏ.சி. ஃபில்டர் கம்பெனியிலயா இருந்தீங்க? அப்ப நீங்களே சொல்லுங்க. வெள்ளை வாங்கணுமா, கரி போட்டது வாங்கணுமா?" என்றார். அவருக்கு முன்னால் நின்றவரும் காதை இந்தப் பக்கம் திருப்பினார். கையில் தட்டோடு நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் பொங்கல் இறுகிவிட்டது. "அதையெல்லாம் எழுதிக் குடுங்க மேடம், நம்ம விழா மலர்ல போடலாம்" என்று செயலாளர் பிடித்துக்கொண்டார்.

அந்தத் தம்பிக்குச் சொன்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளை ஃபில்டர் தூசியைப் பிடிக்கும், நாற்றத்தைப் பிடிக்காது. கரித்தூள் ஏற்றிய சாம்பல் நிற ஃபில்டர் இரண்டையும் பிடிக்கும், ஆனால் கரியின் வேகம் சீக்கிரம் குறைந்துவிடும். தினமும் சிக்னலில் டீசல் பஸ்ஸுக்குப் பின்னால் நிற்கிறவர் கரி வாங்கலாம். சனி ஞாயிறு மட்டும் வண்டியை வெளியே எடுக்கிறவருக்கு வெள்ளையே போதும். ஆன்லைனில் விற்கிற கெட்டியான பல அடுக்கு ஃபில்டரைச் சின்ன வண்டியில் திணித்தால் காற்று வராமல் விசிறிதான் முனகும். மழைக்கு முன்னால் மாற்றுவதைவிட மழை முடிந்து மாற்றலாம். ஈரத்தில் நாறுவது பழைய ஃபில்டராக இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் நான் ஃபில்டர் விற்றதும் இல்லை, மாட்டிக்கொடுத்துப் பிழைத்ததும் இல்லை. புகாரோடு திரும்பி வந்த ஃபில்டர்களைப் பிரித்துப் பார்ப்பதுதான் என் வேலை.

அப்பா புனேயில் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டர். பூர்வீகம் ஆற்காட்டுப் பக்கம். நாங்கள் பிள்ளைகள் எல்லாம் புனேயிலேயே பிறந்து, வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, கடையில் இந்தி என்று வளர்ந்தவர்கள். பன்னிரண்டாவது முடித்ததும் போசரியில் ஒரு ஃபில்டர் கம்பெனியில் மடிப்பு லைனில் சேர்ந்தேன். ஒரு பக்கம் காகிதச் சுருள் உள்ளே போகும், மறுபக்கம் விசிறி மடிப்பாக வெளியே வரும். மடிப்புகளை எண்ணி வெட்டி, ஓரத்தில் பசை வைத்துச் சட்டத்தில் பதிக்க வேண்டும். அந்தக் காலத்தில் நாங்கள் செய்தது முழுக்க இன்ஜினுக்குப் போகிற ஃபில்டர். காருக்குள் உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கும் ஒன்று வேண்டும் என்பது ஏ.சி. கார்கள் பெருகிய பிறகுதான் வந்தது.

ஒரு நாள் லைன் ஓரமாகத் திரும்பி வந்த சரக்கு கிடந்தது. அதில் ஒரு ஃபில்டரின் மடிப்புக்குள் மெல்லிய சிவப்பாக ஏதோ மின்னியது. எடுத்துப் பார்த்தால் வெங்காயத் தோல். "இது எப்படி உள்ள போச்சு?" என்று பக்கத்தில் நின்றவளிடம் கேட்டேன். எனக்குப் பின்னால் நின்ற ஒருவர், "அதுதான் எனக்கும் தெரியவில்லை. உனக்கு என்ன தோன்றுகிறது?" என்று மராத்தியில் கேட்டார். பரிசோதனைக் கூடத்தை நடத்திய தாம்லே சார். "மார்க்கெட் யார்டுல நிக்கற வண்டியா இருக்கும் சார்" என்றேன். கொஞ்ச நாளில் என்னை லேபுக்கு மாற்றிக்கொண்டார். மூன்று பேர் உட்காரக்கூடிய அந்த அறையில்தான் ஓய்வு பெறும்வரை இருந்தேன்.

தாம்லே சார் ஒல்லியாக, கொஞ்சம் கூன் போட்டு நடப்பவர். பால் வாசனை மூக்கில் நிற்கும் என்று டீயில் பால் சேர்க்கமாட்டார். வேலை நாளில் சென்ட் போட்டு வந்தால் கதவுக்கு வெளியே நிறுத்திப் பேசி அனுப்பிவிடுவார். பழைய ஃபில்டரை யாராவது தட்டினால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். பார்க்கிற எல்லோருக்கும் அதைத் தரையில் இரண்டு தட்டு தட்டத்தான் கை போகும். "நீ இப்போது சாட்சியை வெளியே துரத்திவிட்டாய்" என்பார்.

அவருடைய முறை இது. உறையை அசைக்காமல் மேசையில் வைப்பார். பிரித்ததும் முதலில் முகர்வார். பிறகு எடை. பிறகு காற்று நுழைந்த பக்கத்தை மேலே திருப்பி, வெள்ளைத் தட்டில் வைத்து, ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை வெறும் கண்ணால் பார்ப்பார். அதற்கப்புறம்தான் பூதக்கண்ணாடி. கடைசியில் கத்தியால் மடிப்புகளை அறுத்துப் பிரித்துக் காகிதத்தை நீளமாக விரிப்பார். தட்டுக்கு அடியில் ஒரு காந்தத்தை நகர்த்துவார். மேலே தூசி கூடவே நகர்ந்தால் இரும்புத் துகள், அநேகமாகத் தொழிற்சாலைகள் நிறைந்த சாகண் பக்கத்து வண்டி. கரும்புக் காட்டுப் பக்கத்தில் நிற்கிற வண்டியில் எரித்த சோகையின் கறுப்புச் சுருள்கள் இருக்கும். ஹடப்சரில் கட்டடம் எழும்புகிற தெருவில் நின்ற வண்டி என்றால் சிமென்ட் தூசி மழை ஈரத்தில் இறுகி, மடிப்பு அப்பளம் மாதிரி முறியும். ஒருமுறை முழு ஃபில்டரும் பொன் நிற முடி. நாய் வளர்க்கிறார்களா என்று கேட்டோம். இல்லை, டோப்பா, சவுரி செய்கிற பட்டறைக்காரருடைய வண்டி.

புகார் கொடுத்தவரிடம் தாம்லே சார் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "காடி ராத்ரீ குடே ஜோப்தே?" வண்டி ராத்திரி எங்கே தூங்குகிறது? ஓடுகிற இடத்தைவிட நிற்கிற இடம்தான் ஃபில்டரில் அதிகம் தெரியும் என்பது அவர் கணக்கு. முதலில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. போகப் போக நானும் கல்யாண வீட்டில்கூட ஆட்களிடம் அதைக் கேட்க ஆரம்பித்துவிட்டேன். என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

இனி செல்வி என்பவளின் விஷயம். கொரோனா அடங்கி வாடகை வண்டிகள் மறுபடி ஓட ஆரம்பித்திருந்த காலம்.

ஹடப்சரில் ஒரு கராஜிலிருந்து பெட்டி ஒன்று வந்தது. உள்ளே எங்கள் கம்பெனி ஃபில்டர் இரண்டு, கூடவே ஒரு துண்டுச் சீட்டு: டாக்ஸி வண்டி, ஓட்டுநருக்கு ஓயாத இருமல், ஃபில்டர் மாற்றியும் நிற்கவில்லை, மறுபடி மாற்றியும் நிற்கவில்லை, சரக்கு சரியில்லை. அதே வகை ஃபில்டர் அப்போது மூட்டை மூட்டையாகக் கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. சரக்கு சரியில்லை என்று உறுதியானால் அத்தனையையும் நிறுத்த வேண்டும்.

நான் பிரித்தேன். வெள்ளை வெளேர் என்று இருந்தது. மேலே லேசாகப் பழுப்பு படிந்திருந்ததைத் தவிர ஒன்றுமில்லை. "நல்லாத்தானே இருக்கு சார்" என்றேன்.

தாம்லே சார் முகர்ந்து பார்த்தார். எடை பார்த்தார். புது ஃபில்டரின் எடையோடு பெரிய வித்தியாசம் இல்லை. இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படியே. அழுக்கு ஃபில்டர் எதுவும் அவரைக் கலக்கி நான் பார்த்ததில்லை. இந்தச் சுத்தம் அவரைக் கலக்கியது.

"நாள் முழுக்கப் புனே தெருவில் ஓடுகிற டாக்ஸி. மாதக்கணக்காக உள்ளே இருந்திருக்கிறது. அந்தத் தூசியெல்லாம் எங்கே போனது மரகதம்?" என்றார்.

"வண்டி ஓடலையோ என்னவோ."

"ஓடாமல் இருந்தால் அவர் ஏன் இருமுகிறார்?"

மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். ஃபில்டரின் ஓரத்தில், சட்டத்தைச் சுற்றிப் பஞ்சுப் பட்டை ஒன்று ஒட்டியிருக்கும். ஒரு பக்கத்துப் பட்டையில் மட்டும், கண்ணுக்கு மை தீட்டியது போல நீளமாக ஒரு கறுப்புக் கோடு. இரண்டு ஃபில்டரிலும் அதே பக்கம். காற்று மடிப்புக்குள் நுழையாமல் அந்த ஓரத்தைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. ஒட்டுநாடாவால் அந்தக் கோட்டை ஒற்றி எடுத்துக் கண்ணாடியில் வைத்தேன். மண், ரப்பர் பொடி, சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் துகள், அதற்கிடையே நுனி பிரிந்து பிரிந்து போகிற சாம்பல் நிற இழைகள்.

"இறகு சார். மேல் இறகு இல்ல, உள்ள இருக்கிற பூஞ்சிறகு."

"என்ன பறவை?"

"புனேல வேற என்ன சார், புறாதான்."

கராஜில் ஓட்டுநரின் எண்ணை வாங்கிக் கூப்பிட்டேன். "ஹலோ, கோன்?" என்றது ஒரு பெண் குரல். இந்த வேலையில் பெண் ஓட்டுநரிடம் நான் பேசியதே இல்லை. மராத்தியில் விஷயத்தைச் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. இருமி ஓய்ந்ததும் பக்கத்தில் யாரிடமோ, "அந்தத் தண்ணி பாட்டில இப்டி குடுடா, சீக்கிரம்" என்றாள்.

"நீங்க தமிழா?" என்று கேட்டேன்.

"ஆமா. நீங்களும் தமிழாக்கா? ஃபில்டர் கம்பெனில தமிழாளு இருக்காங்களா?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "அப்ப நல்லா திட்டலாம்."

அதுதான் செல்வி. நாற்பதை நெருங்குகிறவள். அவளும் கட்கிக்காரி, என் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி இருந்திருக்கிறாள், தெரியாமல் போயிற்று. கணவர் பிரிந்து போனபின் தையல் மிஷினை விற்று, லோன் போட்டு வண்டி வாங்கியவள். ஏர்போர்ட்டுக்கும் ஹடப்சர் ஆபீஸ்களுக்கும் ஓட்டுகிறாள். ஒரு வருஷமாக இருமல். ஆஸ்துமா என்று பம்ப் கொடுத்தார்கள், கேட்கவில்லை. கொரோனா பயம் போகாத நேரம் வேறு; அவள் இருமியதும் இறங்கி வேறு வண்டி பிடித்த சவாரிகள் உண்டு. இரண்டாவது மாடியில் இருக்கிற தன் வீட்டுக்குப் போக, நடுவில் படியில் உட்கார்ந்து எழுந்திருக்கிறாள். வண்டியை விற்றுவிடச் சொல்லி அண்ணன் நச்சரித்துக்கொண்டிருந்தார்.

தாம்லே சார் கேட்கச் சொன்னதைக் கேட்டேன். "வண்டி ராத்திரி எங்க தூங்குது?"

"இன்னாக்கா கேள்வி இது?" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகிவிட்டது. "பழைய மரக்கிடங்கு ஒண்ணு மூடிக் கெடக்கு. அதோட ஷெட்டுல."

மறுநாள் காலை தாம்லே சாரும் நானும் அங்கே போனோம். நான் தலையை நிமிர்த்தினேன். தகரக் கூரைக்கு அடியில் இரும்பு உத்தரங்கள், உத்தரம் நெடுக வரிசையாகப் புறாக்கள். தரையில் அடை அடையாக வெள்ளை எச்சம். வண்டியை மட்டும் துடைத்துக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தாள். சுடிதார் மேல் காக்கிக் கோட்டு போட்டு அதன் பக்கத்தில் நின்றாள். எங்களைப் பார்த்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "பாருங்க," என்றாள், அவ்வளவுதான்.

முதலில் ஃபில்டர் இருக்கிற இடத்தைப் பார்க்க வேண்டும். இதை வீட்டிலேயே செய்யலாம், அதனால் விவரமாகச் சொல்கிறேன். இடது பக்க சீட்டுக்கு முன்னால் சாமான் வைக்கிற பெட்டி இருக்கிறதல்லவா, அதைக் காலி செய்ய வேண்டும். அதன் பக்கவாட்டில், மெதுவாகத் திறப்பதற்காக ஒரு கயிறோ சின்னக் கையோ மாட்டியிருக்கும். அதைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கச் சுவரையும் உள்பக்கமாக அழுத்தினால் பெட்டி முழுசாகக் கீழே தொங்கும். பின்னால் நீளமாக ஒரு மூடி தெரியும். ஓரக் கொக்கிகளை அழுத்தி மூடியை எடுத்ததும் ஃபில்டர். அதைச் சாய்க்காமல், தட்டில் தண்ணீர் கொண்டு வருவது போல மட்டமாக இழுக்க வேண்டும். சாய்த்தால் மேலே இருக்கிற குப்பை விசிறிக்குள் விழும். புதிதின் விளிம்பில் ஓர் அம்புக்குறி இருக்கும். காற்று போகிற திசையில் அது இருக்க வேண்டும். பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமலே மாட்டியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

கையோடு கொண்டுபோன புது ஃபில்டரை உள்ளே தள்ளினேன். போயிற்று. விரலால் தொட்டேன். ஆடுகிற பல் மாதிரி ஆடியது.

"சார், இது ஆடுது."

தாம்லே சார் சீட்டில் ஏறி மண்டியிட்டுத் தன் கையை விட்டுப் பார்த்தார். வெளியே எடுத்து, திருப்பி, மறுபடி வைத்தார். ஒரு பக்கம் சுண்டுவிரல் நகம் நுழைகிற இடைவெளி. பிறகு அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்கினார். அதில் செல்வியுடைய காரின் பெயர் பெரிதாக அச்சிட்டிருந்தது.

"இதே வண்டிதானே?" என்று என்னைக் கேட்டார்.

"பேரு அதேதான் சார். ஆனா எடம் பெருசா இருக்கு."

காரைச் செய்கிறவர்கள் நடுவில் எப்போதோ அந்த இடத்தைக் கொஞ்சம் அகலமாக்கியிருக்கிறார்கள். வெளியே பெயர் மாறவில்லை, முகம் மாறவில்லை. எங்கள் பெட்டியும் மாறவில்லை. கராஜ்காரர் பெட்டியைப் படித்து, சரியாகத்தான் மாட்டியிருக்கிறார். 

அடுத்து, கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கிற கறுப்புத் தட்டியைத் திறக்க வேண்டும். வெளிக்காற்று அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது. செல்வியை ஷெட்டுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு வைப்பர் கைகளைக் கழற்றித் தட்டியைத் தூக்கினேன். பள்ளம் முழுக்க இறகு, சுள்ளி, உடைந்த முட்டை ஓடு, காய்ந்து மாவாகிப்போன எச்சம். விரல் பட்டதும் புகையாக எழுந்தது. நாளெல்லாம் இந்த மாவின் மேல் காற்று இழுத்து, ஃபில்டரின் ஓரம் வழியாக அவள் முகத்தில் ஊதிக்கொண்டு இருந்திருக்கிறது.

ஒரு பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் அள்ளிக் கட்டி வெளியே கொண்டுவந்தேன். "செல்வி, இந்தப் புறா எச்சந்தான் உனக்கு ஒத்துக்கலன்னு தோணுது. டாக்டர்கிட்ட சொல்லணும்" என்றேன்.

அவள் முகம் மாறியது. "அப்ப உங்க ஃபில்டர் மேல தப்பு இல்ல. புறா மேல தப்பு. அதானே?"

"அப்படி சொல்லல."

"கம்பெனிக்காரங்க வேற எப்படிக்கா சொல்வீங்க?" இருமினாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வண்டி எடுத்த மொத நாள்... ஒரு புறா வந்து பானெட் மேல உக்காந்துச்சு. அன்னிக்கு லோனாவலாவுக்குப் பெரிய சவாரி கெடச்சுது. அதுலருந்து தெனம் ஒரு பிடி ஜ்வாரி போட்டுட்டுதான்... வண்டிய எடுப்பேன். அதுங்க போய் எனக்குக் கெடுதல் பண்ணுமா?"

ஷெட் வாசலில் சிதறிக் கிடந்த ஜ்வாரிச் சோள மணிகளை அப்போதுதான் பார்த்தேன்.  தாம்லே சாருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவள் கோபம் புரிந்தது. மராத்தியில் மெதுவாகக் கேட்டார்: "ஃபில்டரில் தப்பா இல்லையா என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் தாயி. ஒன்று மட்டும் சொல்லுங்கள். இந்த ஒரு வருஷத்தில் எப்போதாவது இருமல் குறைந்ததா?"

"வேலூர்ல தங்கச்சி கல்யாணத்துக்குப் போனப்ப கொறஞ்சிது" என்று அவளும் மராத்தியில் சொன்னாள். "ரெண்டு வாரம். நல்லா தூங்கினேன். ஊர்க் காத்து..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். வண்டியைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து உத்தரத்தைப் பார்த்தாள்.  நாங்கள் கிளம்பிவிட்டோம்.

மறுநாள் அவளே போன் செய்தாள். "பெரியாஸ்பத்திரில நெஞ்சு டாக்டரம்மா ஒருத்தங்க இப்ப என்னப் பாக்கறாங்க, ஒரு தடவ போனேன். நான் போய் இதச் சொன்னா கதை உடறேன்னு நெனப்பாங்க. நீங்க வாங்கக்கா. உங்க லேப் வெள்ளைக் கோட்டப் போட்டுக்கினு வாங்க."

கோட்டைப் போட்டுக்கொண்டே போனேன். வரிசையில் காத்திருந்து உள்ளே போனதும், மேசை மேல் அந்தப் பிளாஸ்டிக் பையை வைத்தேன். டாக்டர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "திறக்காதீர்கள்! என்ன அது?"

சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். செல்வியின் பழைய சீட்டைப் புரட்டினார். "போன முறையே கேட்டேனே. வீட்டில் புறா வளர்க்கிறீர்களா என்று. இல்லை என்று சொன்னீர்களே?"

"வளக்கலையே டாக்டர்" என்றாள் செல்வி. "தீனி மட்டுந்தான் போடறேன்."

டாக்டர் அவளையே பார்த்தார். எனக்குப் பயமாக இருந்தது, திட்டப் போகிறார் என்று. அவர் சிரித்துவிட்டார். "கேள்வியைச் சரியாகக் கேட்காதது நான். இனிமேல் வேறு மாதிரி கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, காற்று எந்த வழியாகப் போகிறது, ஃபில்டர் எங்கே இருக்கிறது, வெளிக்காற்றை மூடி உள்காற்றையே சுற்றவிட்டால் என்ன ஆகும் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். ஒரு தாளை எடுத்து என்னைப் படம் போடச் சொன்னார். வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் தட்டும்வரை விடவில்லை.

ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் பார்த்துவிட்டு அவர் சொன்னது இது. புறாவின் எச்சத் தூசியால் சிலருடைய நுரையீரல் வீங்கும். எல்லோருக்கும் வருவதில்லை, ஏன் இவருக்கு வருகிறது, அவருக்கு வருவதில்லை என்பது டாக்டர்களுக்கே முழுசாகத் தெரியாது. தூசியை விட்டு விலகினால் வீக்கம் வடியும். விலகாவிட்டால் நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தோல் மாதிரி விறைத்துப்போகும், அப்புறம் திரும்பாது. செல்விக்கு ஒரு ஓரத்தில் விறைக்க ஆரம்பித்திருந்தது.

பஸ் நிறுத்தம்வரை சேர்ந்து நடந்தோம். பஸ் வந்ததும், "நாளைக்குக் காலைல அதுங்க வாசல்ல வந்து நிக்குமேக்கா" என்றாள்.

கம்பெனியில் வேறு கதை நடந்தது. ஜெனரல் மேனேஜர் எங்கள் அறிக்கையைப் படித்துவிட்டுத் தாம்லே சாரைக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன். "ஃபில்டரில் குறை இல்லை. நோய் புறாவால் வந்தது. இத்தோடு முடித்துவிடலாமே?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு அது நியாயமாகவே பட்டது.

தாம்லே சார் குரலை உயர்த்திப் பேசுகிறவர் இல்லை. பெட்டியை மேசையில் வைத்து, கார் பெயர் அச்சிட்ட இடத்தைக் காட்டினார். "புறாவுக்கு நாம் பொறுப்பில்லை. இந்த வரிக்குப் பொறுப்பு. இந்த ஃபில்டர் இந்த வண்டிக்குப் பொருந்தும் என்று நாம் சொல்கிறோம். பொருந்தவில்லை. ஆடுகிறது. மரகதம் கை வைத்துப் பார்த்தாள், நானும் வைத்துப் பார்த்தேன்."

"இது மாதிரி எத்தனை வண்டி ஓடுகிறது?"

"தெரியாது."

ஜெனரல் மேனேஜர் பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கும் தெரியவில்லையே" என்றார். தெரியாமல் இருப்பது அவரைத் தொந்தரவு செய்தது போலிருக்கிறது. "சரி, போய்த் தெரிந்துகொண்டு வாருங்கள். அதுவரை ஒரு பெட்டியும் வெளியே போகவேண்டாம்."

அதற்கப்புறம் நான் செய்த வேலை மாதிரி என் சர்வீஸில் வேறு எப்போதும் செய்ததில்லை. கராஜ் கராஜாகப் போய், அந்தப் பெயருள்ள கார்களின் சாமான் பெட்டியைக் கழற்றி, இடத்தை அளந்தேன். சொந்தக்காரர்கள் சந்தேகமாகப் பார்த்தார்கள். ஒருவர் போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். ஃபில்டரின் மேல் செத்துக் கிடந்த பல்லியைக் காட்டியதும் உட்கார வைத்து டீ கொடுத்தார். குறுகின இடம், அகல இடம் என்று இரண்டு ஜாதி கார்கள் ஒரே பெயரில் ஓடுகின்றன என்பது தெளிவானது. அகல இடத்துக்கென்று தனி ஃபில்டர் வந்தது. கடைகளிலிருந்து பழைய பெட்டிகளைத் திரும்ப வாங்கினோம். மடிப்பு லைன் பெண்களும் நானும் கிடங்கில் சாக்கு விரித்து உட்கார்ந்து ஒவ்வொன்றின் மேலும் புது ஸ்டிக்கர் ஒட்டினோம். விற்பனைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். இன்றைக்கும் யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: பெட்டியில் உங்கள் கார் பெயர் இருந்தாலும், பழையதை வெளியே எடுத்து, புதிதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாட்டிய பிறகு விரலால் ஆட்டிப் பாருங்கள்.

செல்வி வண்டியைச் சுத்தம் செய்யக் கொடுத்து, நிறுத்தும் இடத்தையும் மாற்றினாள். ஒரு பெட்ரோல் பங்க் ஓரத்தில், கூரையில்லாத இடம். வெயிலில் சீட் கொதிக்கிறது என்று அலுத்துக்கொள்வாள். ஜ்வாரி போடுவதை நிறுத்திவிட்டாள். முதல் சில வாரம் கிடங்குப் பக்கமே போகாமல் சுற்றிப் போனதாகச் சொன்னாள், அதுகளின் முகத்தில் முழிக்க முடியாமல். டாக்டர் கொடுத்த மாத்திரையில் கன்னம் உப்பி, முகம் வட்டமாகிவிட்டது. அண்ணன் வண்டி ஓட்டக்கூடாது என்று சாவியை எடுத்து வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டிச் சண்டை போட்டு வாங்கினாள். இருமல் ஒரே நாளில் போகவில்லை. மழைக்காலம் முடிந்து குளிர் வரும்வரை இழுத்தது. ஓரத்தில் விறைத்தது விறைத்ததுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பனிக் காலையில் இன்றும் கொஞ்சம் இருமுவாள்.

ஓய்வு வயது தாண்டியும் கம்பெனி விடாமல் வைத்திருந்த தாம்லே சார் அதற்கடுத்த வருஷம் ஓய்வு பெற்றார், நான் போன வருஷம். இப்போது லேபில் ஓர் இயந்திரம் வந்திருக்கிறது. ஃபில்டரை உள்ளே வைத்தால் படம் எடுத்து, எந்தத் துகள் எவ்வளவு என்று திரையில் காட்டுகிறது. நான் நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்ததை டீ குடிப்பதற்குள் சொல்லிவிடுகிறது. கடைசி மாதங்களில் என் பழைய மாதிரிகளையெல்லாம் அதில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். சிலவற்றில் நான் என்னவென்று நினைத்திருந்ததோ அது இல்லை. அப்படித் தெரிந்துகொள்வது எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்குப் போகவே மனமில்லாமல் இருந்தேன்.

போன வாரம் சமையலறையில் இருந்தபோது செல்வி கூப்பிட்டாள். எடுத்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, கேளுங்க, வண்டி ஃபில்டர இன்னிக்கு நானே கழட்டினேன், அந்த கராஜ்காரன் மாட்டறப்ப அம்ப தலகீழா வெச்சிருந்தான், நல்லா கேட்டு உட்டுட்டேன், அது கெடக்கட்டும், அதுமேல மஞ்சளா ஒரு பொடி இருக்குக்கா, மஞ்சத்தூள் மாதிரி, ஆனா மஞ்சத்தூள் இல்ல, நான் மோந்து பாத்தேன், மாஸ்க் போட்டுக்கினுதான் எடுத்தேன் திட்டாதீங்க, பூந்தூளா இருக்குமான்னு பாத்தா பங்க்குல மரமே கெடையாது, நேத்து தேஹு ரோடு பக்கம் போனேன், அதுக்கு முந்தி சாகண் போனேன், அங்க எங்கனா பெயிண்டு கம்பெனி இருக்கா, இல்ல மார்க்கெட்டுல பருப்பு மூட்ட எறக்கனாங்களே அதுவா, தட்டல, அப்டியே பேப்பர்ல மட்டமா வெச்சிருக்கேன், இன்னாக்கா அது?"

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் போய் அணைக்கவில்லை. அவள் எங்கேயும் மூச்சு வாங்க நிற்கவில்லை என்பது எனக்கு அவள் நிறுத்திய பிறகுதான் உறைத்தது.

"அக்கா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். என்னன்னு தெரியலையே செல்வி" என்றேன். "அப்படியே வெச்சிரு. வந்து பாக்கறேன்."